'ஏன்?' என்று கேட்ட உறுப்பினர்: டாம் டியெலின் 43 ஆண்டுகள்

பிரிட்டன் நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபையில் டாம் டியெல் 1962 முதல் 2005 வரை 43 ஆண்டு உறுப்பினராக இருந்தார். அந்தக் காலத்தில் அவருடைய தொழிற்கட்சி மூன்று தடவை ஆட்சியைப் பிடித்தது. ஹரால்ட் வில்சன், ஜேம்ஸ் காலகன், டோனி பிளேர் என்று மூன்று பிரதமர்கள் அந்தக் கட்சியிலிருந்து வந்தார்கள். மூவரில் ஒருவரும் இவருக்கு ஒரு துணை அமைச்சர் பதவிகூடக் கொடுக்கவில்லை. ஆனாலும் பிரிட்டனின் அரசியல் அமைப்பைப் பற்றிப் பேச உட்காருகிறவர்கள் இன்றும் இவருடைய தொகுதியின் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது. 'வெஸ்ட் லோதியன் கேள்வி' என்பது அரசியல் அறிவியல் மாணவர்கள் பரீட்சைக்குப் படிக்கிற ஒரு தலைப்பு.

பதவி இல்லாத ஒருவரால் எப்படி இது முடிந்தது, எங்கே முடியாமல் போனது என்பதுதான் இந்த ஆய்வு. நான் பார்த்தவரை விஷயம் இதுதான்: டியெலின் பலம் முழுக்கக் கேள்வியில் இருந்தது. ஒரு சின்ன, குறுகலான கேள்வியைப் பிடித்துக்கொண்டு விடாமல் கேட்ட இடங்களில் அவர் அரசாங்கங்களையே ஆட்டிப் பார்த்தார். விடையும் எனக்கே தெரியும் என்று பேசப் போன இடங்களில் சறுக்கினார்.

முதலில் பெயர். ஆங்கிலத்தில் எழுதும்போது 'டல்யெல்' என்று படிக்கத் தோன்றும் எழுத்துகள்தான் இருக்கும். உச்சரிப்பு 'டியெல்'.

பின்ஸ் மாளிகையிலிருந்து தொழிற்கட்சிக்கு

1932 ஆகஸ்ட் 9 அன்று எடின்பரோவில் பிறந்தார். குடும்பம் தாய் வழியில் பழைய பிரபு வம்சம். லின்லித்கோ ஊருக்குப் பக்கத்தில் ஃபோர்த் கழிமுகத்தைப் பார்த்தபடி ஒரு மேட்டில் நிற்கும் 'பின்ஸ்' என்ற 17ஆம் நூற்றாண்டு மாளிகைதான் வீடு. தோட்டத்தில் மயில்கள் திரியும். 1944இல் அந்த மாளிகையை ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளைக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, அதிலேயே குடியிருக்கும் உரிமையைக் குடும்பம் வைத்துக்கொண்டது. தந்தை பிரிட்டிஷ் இந்திய அரசின் அரசியல் பிரிவில் வேலை பார்த்த அதிகாரி, பஹ்ரைனில் அரசின் பிரதிநிதியாக இருந்தவர். மகனுக்குப் படிப்பு ஈட்டன் பள்ளியிலும் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியிலும். இடையில் கட்டாய ராணுவ சேவை. அவர் சேர்ந்த குதிரைப் படைப்பிரிவை 17ஆம் நூற்றாண்டில் தொடங்கியவரே அவருடைய மூதாதையர், அதே பெயர் கொண்ட ஒரு தளபதி. ஆனால் இவர் அதிகாரிப் பயிற்சியில் தேறவில்லை. சாதாரணச் சிப்பாயாகவே சேவையை முடித்தார்.

கேம்பிரிட்ஜில் அவர் கன்சர்வேட்டிவ் மாணவர் சங்கத்தின் தலைவர். 1956இல் பிரிட்டன் சூயஸ் கால்வாய்க்காக எகிப்தின் மேல் படையெடுத்தபோது மனம் மாறித் தொழிற்கட்சியில் சேர்ந்தார். அந்தச் சமயத்தில் அவர் வீட்டிலிருந்து சில மைல் தூரத்தில் இருக்கும் போனெஸ் என்ற துறைமுக ஊரில் பள்ளி ஆசிரியர். பின்னாளில் ஒவ்வொரு போரைப் பற்றியும் அவர் எழுப்பிய சந்தேகம் சூயஸில் ஆரம்பித்தது என்று தாராளமாகச் சொல்லலாம். அரசாங்கம் சபையில் சொன்னதும் திரைமறைவில் செய்ததும் வேறு வேறு என்பதை அந்தத் தலைமுறை சூயஸில்தான் கண்ணால் பார்த்தது.

1962 ஜூனில் வெஸ்ட் லோதியன் இடைத்தேர்தல். நிலக்கரிச் சுரங்கமும் எண்ணெய்ப் பாறைக் கழிவு மேடுகளும் நிறைந்த தொழிலாளர் தொகுதி அது. ஈட்டனில் படித்த பிரபுவை அங்கே நிறுத்தினார்கள், அவர் ஜெயித்தார். இரண்டாவதாக வந்தவர் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியின் பில்லி வுல்ஃப். இருவரும் அதே தொகுதியில் 1979 வரை ஏழு தேர்தல்களில் மோதினார்கள். பின்னால் வரப்போகும் பெரிய கேள்விக்கு இது முக்கியம். ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டும் என்ற வாதத்தை டியெல் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 17 ஆண்டு அதை வீடு வீடாக எதிர்கொண்டார்.

குடும்பத்தின் பரம்பரைப் பட்டம் அவருக்கு வந்து சேர்ந்தபோதும் 'சர்' என்று போட்டுக்கொள்ளவில்லை.

கேள்வி என்ற கருவி

காமன்ஸ் சபையில் பதவி எதுவும் இல்லாத ஒரு பின்வரிசை உறுப்பினர் கையில் இருப்பது கொஞ்சம்தான். எழுத்து மூலம் கேள்வி அனுப்பலாம், அமைச்சகம் பதில் எழுதியே ஆக வேண்டும், அது சபைப் பதிவேட்டில் அச்சாகும். வாய்மொழிக் கேள்வி என்றால் முதல் கேள்வி முன்கூட்டியே அச்சில் இருக்கும், அமைச்சருக்குத் தயாரித்த பதில் கையில் இருக்கும். ஆனால் அதற்குப் பிறகு வரும் துணைக் கேள்வி என்னவென்று யாருக்கும் தெரியாது. அதிகாரிகள் உட்கார்ந்து இருபது விதமாக ஊகித்து, இருபதுக்கும் பதில் எழுதிக் கோப்பில் வைப்பார்கள்.

டியெல் எழுந்து, "ஏன்?" என்று ஒரே சொல்லில் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். அதற்கு அவர் பேர்போனவர். நீளமாகக் கேட்டால் அமைச்சர் எந்த வாக்கியத்துக்கு வேண்டுமானாலும் பதில் சொல்லித் தப்பிக்கலாம். ஒற்றைச் சொல்லில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. கோப்பில் இருக்கும் இருபது பதில்களில் ஒன்றும் உதவாது. நம் சட்டமன்றத்தில் துணைக் கேள்வி என்ற பெயரில் தொகுதிப் புராணம் முழுவதையும் படிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இன்னொரு முறையும் உண்டு. ஒரே விஷயத்தை ஐந்து அமைச்சகங்களுக்கு ஐந்து விதமாகக் கேட்பது. பதில்களை வரிசையாக அடுக்கிப் பார்ப்பது. எங்கேயாவது தேதி இடிக்கும், மணி இடிக்கும். இடிக்கும் இடத்தில் அடுத்த கேள்வி.

இந்த முறையை அவர் முதலில் பெரிய அளவில் பிரயோகித்தது இந்தியப் பெருங்கடலில்.

1965 நவம்பரில் பிரிட்டன் தன் காலனித் தீவுகள் சிலவற்றைப் பிரித்துச் சேர்த்து, 'பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசம்' என்று ஒரு புதிய நிர்வாகப் பகுதியை உருவாக்கியது. நோக்கம் ராணுவத் தளம். அதில் ஒன்று ஆல்டாப்ரா பவளத் தீவு. ஒரு லட்சம் ராட்சத ஆமைகள் வாழும் இடம். அங்கே விமானப் படைத் தளம் அமைக்கப் பாதுகாப்பு அமைச்சகம் திட்டமிட்டது. ராயல் சொசைட்டி உட்பட அறிவியல் அமைப்புகள் எதிர்த்தன. சபைக்குள் அந்த எதிர்ப்பைக் கொண்டுபோனவர் டியெல். எவ்வளவு செலவு, ஓடுபாதை எங்கே, பறவைகள் விமானத்தில் மோதினால் என்ன ஆகும், ஆமைகளைப் பற்றி யாரிடம் ஆலோசனை கேட்டீர்கள் என்று கேள்விக்கு மேல் கேள்வி போட்டார். 1967 நவம்பரில் பவுண்டின் மதிப்பைக் குறைக்க வேண்டி வந்தபோது அரசு சிக்கனம் தேடியது, ஆல்டாப்ராத் திட்டம் கைவிடப்பட்டது. கைவிட வைத்தது பணக் கஷ்டம்தான் என்றாலும், இவ்வளவு கேள்விகளால் அந்தத் திட்டத்தின் பெயர் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது. வெட்டுவதற்கு எளிதான செலவாக அது நின்றது. 1982இல் ஆல்டாப்ரா யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது.

இந்தக் கதையை இங்கே நிறுத்தினால் இனிப்பாக முடியும். என்னால் நிறுத்த முடியவில்லை. அதே பிரதேசத்தில் இருந்த இன்னொரு தீவு டீகோ கார்சியா. தளம் அங்கே வந்தது. சாகோஸ் தீவுக் கூட்டத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்களை 1968 முதல் 1973 வரை படிப்படியாக வெளியேற்றி மொரீஷியஸிலும் சேஷல்ஸிலும் இறக்கிவிட்டார்கள். சுமார் 1,500 முதல் 2,000 பேர். அவர்கள் ஒப்பந்தக் கூலிகள், நிரந்தரக் குடிகள் இல்லை என்று லண்டன் வெளியே சொல்லிக்கொண்டிருந்தது. ஆமைகளுக்காகக் கேள்வி கேட்க விஞ்ஞானிகள் விவரம் திரட்டிக் கொடுத்தார்கள். மனிதர்களைப் பற்றி விவரம் கொடுக்க அந்தச் சமயத்தில் லண்டனில் யாரும் இல்லை. நாடாளுமன்றக் கேள்வியின் எல்லை இங்கேதான் தெரிகிறது: கேட்பவரின் காதுக்கு எட்டாத துயரம் கேள்வித்தாளில் ஏறாது. 2021 அக்டோபரில் படகில் கிளம்பி நடுக்கடலில் தவித்த இலங்கைத் தமிழ் அகதிகள் கொண்டுபோய் இறக்கப்பட்டதும், மூன்று ஆண்டுக்கு மேல் கூடாரங்களில் அடைந்து கிடந்ததும் இதே டீகோ கார்சியாவில்தான்.

ஆல்டாப்ராத் திட்டம் கைவிடப்பட்ட அடுத்த ஆண்டே, 1968இல், சபையே டியெலுக்குத் தண்டனை கொடுத்தது. ரசாயன, உயிரியல் ஆயுத ஆராய்ச்சி நடக்கும் போர்ட்டன் டவுன் நிலையத்தை ஆய்வுசெய்த நாடாளுமன்றக் குழுவில் அவர் உறுப்பினர். குழுவின் விசாரணைப் பதிவுகளை, வெளியாவதற்கு முன்பே அப்சர்வர் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டார். உரிமை மீறல் நிரூபணமானது. தன் இடத்தில் எழுந்து நின்று சபாநாயகரின் கண்டனத்தைக் கேட்டுக்கொண்டார். அமைச்சர் பதவிக்கான கதவு ஏறக்குறைய அன்றைக்கே சாத்தப்பட்டுவிட்டது என்று நினைக்கிறேன். ரிச்சர்ட் கிராஸ்மன் என்ற மூத்த அமைச்சரின் நாடாளுமன்ற உதவியாளராக இருந்தார், அதற்கு மேல் ஆட்சிப் பக்கம் ஏறவில்லை.

இரண்டு பிளாக்பர்ன்கள்

1974 அக்டோபர் தேர்தலில் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி 11 இடங்களைப் பிடித்தது. தொழிற்கட்சி பயந்தது. ஸ்காட்லாந்துக்கென்று எடின்பரோவில் ஒரு சட்டமன்றம் அமைத்து, கல்வி, சுகாதாரம் போன்றவற்றை அதனிடம் கொடுத்துவிட்டால் பிரிவினைக் குரல் அடங்கும் என்று கணக்குப் போட்டது. மசோதா வந்தது. சொந்தக் கட்சியின் மசோதாவை டியெல் எதிர்த்தார்.

1977 நவம்பர் 14 அன்று சபையில் அவர் எழுப்பிய கேள்வியின் சாரம் இது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்திலிருந்து லண்டன் சபைக்கு வரும் உறுப்பினர்கள் 119 பேர். தங்கள் பகுதியின் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் பற்றி இனி அவர்களால் லண்டனில் ஓட்டுப் போட முடியாது, அது உள்ளூர் சட்டமன்றத்தின் வேலை. ஆனால் இங்கிலாந்தின் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் பற்றி ஓட்டுப் போடலாம், சில சமயம் அந்த ஓட்டுதான் முடிவையே தீர்மானிக்கும். இதை இங்கிலாந்து எத்தனை நாள் பொறுத்துக்கொள்ளும்?

அவர் சொன்ன உதாரணம்தான் கேள்வியை நிற்க வைத்தது. அவர் தொகுதியில் பிளாக்பர்ன் என்று ஓர் ஊர் உண்டு. இங்கிலாந்தின் லங்காஷயரில் பிளாக்பர்ன் என்று ஒரு பெரிய நகரம் உண்டு. எனக்கு ஓட்டுப் போட்டு அனுப்பிய பிளாக்பர்னின் பள்ளிக்கூடத்தைப் பற்றி நான் வாய் திறக்க முடியாது, எனக்குச் சம்பந்தமே இல்லாத பிளாக்பர்னின் பள்ளிக்கூடத்தைப் பற்றி முடிவு செய்வேன், இது என்ன நியாயம் என்றார். அரசியல் அமைப்புச் சிக்கலை ஒரே பெயருள்ள இரண்டு ஊர்களில் காட்டிவிட்டார். டீக்கடையில் உட்கார்ந்திருப்பவருக்கும் புரிகிற மாதிரி.

விவாதத்தில் விடாமல் இதையே திருப்பித் திருப்பிச் சொன்னதில் மற்றவர்கள் சலித்துப்போனார்கள். கடைசியில் சக உறுப்பினர் ஈனக் பவல், மதிப்புக்குரிய வெஸ்ட் லோதியன் உறுப்பினர் சொல்ல வருவது ஒருவழியாக நமக்குப் புரிந்துவிட்டது, இதை வெஸ்ட் லோதியன் கேள்வி என்றே அழைப்போம் என்று சொல்ல, அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

கேள்வி புதிதா என்றால், இல்லை. 1886இல் பிரதமர் கிளாட்ஸ்டன் அயர்லாந்துக்குத் தன்னாட்சி தர முயன்றபோதே வந்த சிக்கல் இது. ஐரிஷ் உறுப்பினர்களை லண்டன் சபையிலிருந்து முழுக்க விலக்கிவிடலாம் என்று முதல் மசோதாவில் சொன்னார். 1893இல், ஐரிஷ் விஷயத்துக்கும் பேரரசு விஷயத்துக்கும் மட்டும் அவர்கள் ஓட்டுப் போடட்டும் என்றார். அப்புறம் அதையும் விட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் போடட்டும் என்றார். மூன்றும் சரிவரவில்லை. டியெல் இதைக் கண்டுபிடித்தவர் இல்லை. 90 ஆண்டாக எல்லோரும் ஒதுக்கி வைத்ததை எடுத்து மேசை நடுவில் வைத்தவர்.

அவருடைய கணக்கில் ஒரு பெரிய விடுபடலும் உண்டு. வட அயர்லாந்துக்கு 1921 முதல் 1972 வரை சொந்த நாடாளுமன்றம் இருந்தது. அப்போதும் அதன் உறுப்பினர்கள் லண்டனில் எல்லாவற்றுக்கும் ஓட்டுப் போட்டார்கள். நாடு உடையவில்லை. எண்ணிக்கை 12 அல்லது 13தான் என்பதால் உறுத்தவில்லை. ஆக, இது கொள்கைச் சிக்கலா, எண்ணிக்கைச் சிக்கலா? ஸ்காட்லாந்தின் 71 இடங்கள் தொழிற்கட்சிக்கு அஸ்திவாரம், அவற்றைக் குறைக்கக் கட்சி தயாரில்லை. கேள்விக்குப் பதில் வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

1979 மார்ச் 1 அன்று ஸ்காட்லாந்தில் வாக்கெடுப்பு. 51.6 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள். ஆனால் மொத்த வாக்காளர்களில் 40 சதவீதம் பேர் ஆதரிக்க வேண்டும் என்று சட்டத்தில் ஒரு நிபந்தனை நுழைக்கப்பட்டிருந்தது. ஓட்டுப் போடாதவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டபோது ஆதரவு 32.9 சதவீதம்தான். சட்டமன்றம் வரவில்லை. அந்த மாதக் கடைசியில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. 311க்கு 310, ஒரே ஓட்டில் காலகன் அரசு விழுந்தது. மார்கரெட் தாட்சர் வந்தார்.

பெல்கிரானோ

டியெலின் வாழ்க்கையில் அதிகம் பேசப்பட்டதும், அவர் எதிரிகள் அதிகம் ஏசியதும் இதற்காகத்தான். கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

1982 ஏப்ரலில் அர்ஜென்டினா ஃபாக்லாந்து தீவுகளைப் பிடித்தது. பிரிட்டன் கடற்படையை அனுப்பியது. தொழிற்கட்சித் தலைமை அரசுக்கு ஆதரவு. டியெல் அப்போது கட்சியின் அறிவியல் துறைப் பேச்சாளர். போரை எதிர்த்து ஓட்டுப் போட்டார், முன்வரிசை இடம் பறிபோனது.

மே 2 அன்று ஜெனரல் பெல்கிரானோ என்ற அர்ஜென்டினப் போர்க்கப்பலை கான்கரர் என்ற பிரிட்டிஷ் அணுசக்தி நீர்மூழ்கி டார்பிடோ போட்டு மூழ்கடித்தது. 323 பேர் இறந்தார்கள். மொத்தப் போரிலும் அர்ஜென்டினா இழந்த 649 உயிர்களில் ஏறக்குறைய பாதி இந்த ஒரு கப்பலில் போனது. தீவைச் சுற்றி 200 கடல் மைல் வளையத்துக்குள் வந்தால் தாக்குவோம் என்று பிரிட்டன் அறிவித்திருந்தது. கப்பல் அந்த வளையத்துக்கு வெளியே இருந்தது. மே 4 அன்று பாதுகாப்பு அமைச்சர் ஜான் நாட் சபையில், அது நம் கப்பல்களை நெருங்கி வந்துகொண்டிருந்தது, சில மணி நேரத் தூரத்தில்தான் இருந்தது என்றார்.

ஜூலையில் கான்கரர் ஸ்காட்லாந்தின் ஃபாஸ்லேன் தளத்துக்குத் திரும்பியது, கடற்கொள்ளையர் கொடியைப் பறக்கவிட்டபடி. அப்போது வெளியான செய்திகளிலிருந்து, பெல்கிரானோவை நீர்மூழ்கி ஒரு நாளுக்கு மேல் பின்தொடர்ந்தது என்று தெரிந்தது. இதுதான் டியெல் பிடித்த நுனி. ஒரு நாளுக்கு மேல் பின்னாலேயே போனீர்கள் என்றால், திடீர் ஆபத்து எங்கிருந்து வந்தது? எத்தனை மணிக்கு முதலில் பார்த்தீர்கள்? அப்போது கப்பல் எந்தத் திசையில் போனது?

மூன்றும் எளிய கேள்விகள். முதலில் பார்த்த தேதி, திசை, ஆணை கொடுத்த நேரம். இவற்றையே அவர் இரண்டு ஆண்டு கேட்டார். 1982 டிசம்பரில் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, மே 2 அன்று கப்பலைக் கண்டதாகச் சொன்னது. 1983 மே மாதம் தேர்தல் சமயத்தில் தொலைக்காட்சி நேரலையில் டயானா கோல்ட் என்ற ஆசிரியை தாட்சரிடம், கப்பல் விலகிப் போய்க்கொண்டிருந்ததே, ஏன் மூழ்கடித்தீர்கள் என்று விடாமல் கேட்டார். விலகிப் போகவில்லை என்று தாட்சர் மறுத்தார். 1984 ஏப்ரலில், டென்சில் டேவிஸ் என்ற தொழிற்கட்சி உறுப்பினருக்கு எழுதிய கடிதத்தில் தாட்சரே, முதலில் கண்டது மே 1 அன்று என்று ஒப்புக்கொண்டார். கப்பல் பல மணி நேரமாக மேற்கு நோக்கி, தீவுகளை விட்டு விலகித்தான் போய்க்கொண்டிருந்தது என்பதும் பிற்பாடு உறுதியானது.

இந்தச் சமயத்தில் பாதுகாப்பு அமைச்சகத்துக்குள் கிளைவ் பான்டிங் என்ற அதிகாரி இருந்தார். மூழ்கடிப்பு பற்றிய முழு ரகசிய வரலாற்றையும் அமைச்சருக்காகத் தொகுத்தவர் அவரே. சபைக் கேள்விகளுக்கு உண்மையான பதில் ஒன்றைத் தயாரித்துக் கொடுத்தார். அது அனுப்பப்படவில்லை. நாடாளுமன்ற வெளியுறவுக் குழுவுக்கு எதைச் சொல்லாமல் விடலாம் என்று ஆலோசனை சொல்லும் குறிப்பு ஒன்றும் அவர் கண்ணில் பட்டது. 1984 ஜூலையில் இரண்டையும் ஒரு உறையில் போட்டு, பெயர் எழுதாமல் டியெலுக்கு அனுப்பினார்.

டியெல் அதைப் பத்திரிகைக்குக் கொடுக்கவில்லை. போர்ட்டன் டவுனில் பட்ட சூடு நினைவில் இருந்ததோ என்னவோ, முறைப்படி வெளியுறவுக் குழுத் தலைவரிடம் கொடுத்தார். அவர் ஆளுங்கட்சிக்காரர். ஆவணங்கள் நேராகப் பாதுகாப்பு அமைச்சகத்துக்குத் திரும்பிப் போயின. பான்டிங் பிடிபட்டார். யார் அனுப்பியது என்று டியெலுக்குத் தெரியாது, விதிப்படிதான் நடந்துகொண்டார். ஆனாலும் விதிப்படி நடந்ததன் விலையை ஒரு அதிகாரி தன் வேலையால் கொடுத்தார் என்பதை இந்த ஆய்வு மறைக்கக் கூடாது. இன்று தகவல் வெளிக்கொணருகிறவர்களோடு வேலை செய்யும் எவருக்கும் இந்த இடம் பாடம். காகிதத்தை யாரிடம் கொடுக்கிறோம் என்பதற்கு முன்னால், அந்தக் காகிதம் யாரைக் காட்டிக்கொடுக்கும் என்று யோசிக்க வேண்டும்.

அரசு ரகசியச் சட்டத்தின்கீழ் வழக்கு. 1985 ஜனவரி கடைசியில் லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியது. நாட்டின் நலன் என்றால் அன்றைய அரசு எதை நலன் என்கிறதோ அதுதான் என்ற பொருளில் நீதிபதி ஜூரிக்கு எடுத்துச் சொன்னார். அப்படிப் பார்த்தால் தண்டனை நிச்சயம். பிப்ரவரி 11 அன்று ஜூரி குற்றவாளி இல்லை என்றது. நாடாளுமன்ற உறுப்பினருக்கு உண்மையைச் சொன்னது குற்றமாகாது என்று அந்தப் பன்னிரண்டு பேர் முடிவுசெய்தார்கள் என்றுதான் பலரும் அதைப் படித்தார்கள். 1989இல் அரசு புதிய ரகசியச் சட்டம் கொண்டுவந்தது, பொது நலனுக்காகச் சொன்னேன் என்று வாதாட அதில் இடம் வைக்கவில்லை.

சரி, டியெல் சொன்னது முழுவதும் நிரூபணமானதா? இல்லை. இங்கே இரண்டு குற்றச்சாட்டுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, சபைக்குத் தவறான தகவல் சொன்னார்கள் என்பது. அது நின்றது. இன்னொன்று, பெரு நாட்டின் அதிபர் பெலாண்டே முன்வைத்த சமாதானத் திட்டத்தைக் கெடுக்கவே தாட்சர் கப்பலை மூழ்கடித்தார் என்பது. அந்தத் திட்டம் பற்றிய தகவல் ஆணை பிறந்த பிறகுதான் லண்டனை எட்டியது என்பது அரசின் பதில். அதை உடைக்கிற சான்றை டியெலால் காட்ட முடியவில்லை. பிற்காலத்தில் பெல்கிரானோவின் கேப்டன் ஹெக்டர் போன்சோவே, மூழ்கடித்தது போர்ச் செயல்தான் என்றார். திசை எதுவாக இருந்தாலும் போர்க்கப்பல் திரும்பி வரலாம் என்ற ராணுவ வாதத்திலும் நியாயம் உண்டு.

ஆக, "எந்தத் திசை?" என்ற கேள்வி ஜெயித்தது. "சமாதானத்தைக் கொன்றீர்கள்" என்ற தீர்ப்பு நிற்கவில்லை. தாட்சரைப் பொய்யர் என்று சபையில் சொன்னதற்காக டியெல் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வெளியேற்றப்பட்டார். சக உறுப்பினரைப் பொய்யர் என்று சொல்லக் கூடாது என்பது சபை விதி. வெளியேற்றப்பட்ட ஒவ்வொரு நாளும் செய்தி அவரைப் பற்றி வந்ததே தவிர, கப்பலைப் பற்றி வரவில்லை. தாட்சருக்கு அது வசதியாகவே இருந்திருக்கும்.

பிசகிய இடம்

1988 லாக்கர்பி விமானக் குண்டுவெடிப்பு வழக்கில் தண்டனை பெற்ற லிபியாவின் மெக்ராஹி குற்றவாளி இல்லை என்று கடைசி வரை சொன்னார். ஈராக் போரை எதிர்த்தார். 2001 முதல் அவர் 'சபையின் தந்தை', அதாவது இடைவிடாமல் நீண்ட காலம் இருந்த மூத்த உறுப்பினர். அந்த இடத்திலிருந்து சொந்தக் கட்சிப் பிரதமரைப் போர்க் குற்றவாளி என்று எழுதினார்.

2003 மே மாதம் ஓர் அமெரிக்க இதழுக்குக் கொடுத்த பேட்டியில், பிளேர் யூத ஆலோசகர்களின் ஒரு கும்பலால் அளவுக்கு மீறி ஆட்டுவிக்கப்படுகிறார் என்ற பொருளில் பேசினார். இது தவறு, சாதாரணத் தவறும் இல்லை. ஒரு போருக்கான காரணத்தை ஒரு இனத்தாரின் மறைமுகக் கூட்டமாகச் சித்திரிப்பது ஐரோப்பாவில் எந்தக் கொடுமையில் போய் முடிந்தது என்று அவர் தலைமுறைக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. எல்லாப் பக்கமிருந்தும் கண்டனம் வந்தது, வந்தது சரிதான். ஆணைக்கு ஆணை, தேதிக்குத் தேதி என்று சரிபார்த்துப் பழகிய மனிதர் இங்கே எந்தச் சான்றும் இல்லாமல் விடையைச் சொன்னார். அவரை மதிக்கிறவர்கள் இந்தப் பேட்டியைக் கடந்து போகப் பார்ப்பார்கள். நான் அப்படிச் செய்ய விரும்பவில்லை.

கேள்வி இப்போது

1997 செப்டம்பர் 11 அன்று ஸ்காட்லாந்தில் மறுபடியும் வாக்கெடுப்பு. இந்த முறை 74.3 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள், 1999இல் எடின்பரோவில் நாடாளுமன்றம் வந்தது. டியெல் அப்போதும் எதிர்த்தார். வெளியேறும் வழி இல்லாத நெடுஞ்சாலை இது, தனி நாட்டில்தான் போய் முடியும் என்றார். அந்தக் கணிப்பு பலிக்கவில்லை என்று சொல்லலாமா? 2014 வாக்கெடுப்பில் 55.3 சதவீதம் பேர் பிரிய வேண்டாம் என்றார்கள். ஆனால் 44.7 சதவீதம் பேர் பிரியலாம் என்றார்கள், அடுத்த ஆண்டுத் தேர்தலில் ஸ்காட்லாந்தின் 59 இடங்களில் 56 தேசியக் கட்சிக்குப் போனது. கணிப்பு பாதி வழியில் நிற்கிறது.

கேள்வி மட்டும் அச்சுப் பிசகாமல் நடந்தேறியது. 2004 ஜனவரி 27 அன்று இங்கிலாந்துப் பல்கலைக்கழகக் கட்டணத்தை உயர்த்த வழிசெய்யும் மசோதா 316க்கு 311 என்று ஐந்து ஓட்டில் தப்பியது. ஸ்காட்டிஷ் தொழிற்கட்சி உறுப்பினர்கள் இல்லாவிட்டால் அந்த ஐந்து ஓட்டு கிடைத்திருக்காது. அவர்களுடைய தொகுதி மாணவர்களின் கட்டணத்தை முடிவு செய்வது எடின்பரோ. 1977இல் டியெல் சொன்ன அதே காட்சி.

2015 அக்டோபரில் கன்சர்வேட்டிவ் அரசு சபை விதியைத் திருத்தியது. ஒரு மசோதா இங்கிலாந்துக்கு மட்டுமானது என்று சபாநாயகர் சான்றளித்தால், இங்கிலாந்து உறுப்பினர்களின் தனிச் சம்மதமும் வேண்டும். நடைமுறையில் அது தடுமாறியது. 2016 மார்ச்சில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஞாயிற்றுக்கிழமை கடை நேரத்தை நீட்டிக்கும் திட்டம் வந்தபோது, அது பெரிய மசோதா ஒன்றின் உள்ளே இருந்ததால் புதிய விதி உதவவில்லை. ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி எதிர்த்து ஓட்டுப் போட, 317க்கு 286 என்று திட்டம் தோற்றது. டியெல் அப்போது உயிரோடு இருந்தார். 2017 ஜனவரி 26 அன்று, 84 வயதில் இறந்தார்.

2021 ஜூலை 13 அன்று காமன்ஸ் சபை அந்தத் திருத்தத்தையே ரத்து செய்தது. வெஸ்ட் லோதியனில் உள்ள பிளாக்பர்னின் உறுப்பினர் இப்போது லங்காஷயர் பிளாக்பர்னின் பள்ளிக்கூடங்களைப் பற்றி ஓட்டுப் போடலாம். தன் ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் போட முடியாது.